குமிழ் முட்டிய ஊர்

செங்கரடு என்ற குன்று நகரத் தொடங்கியதை மணிநோக்கி ஊரில் முதலில் கண்டுபிடித்தவை ஆடுகள்தான். கரட்டடியில் மேய்ந்துவிட்டு நாலரைக்கெல்லாம் பட்டிக்குத் திரும்பிவிடும் ஆடுகள் அந்த வைகாசியில் ஐந்து மணிக்கு வந்தன, ஆனியில் ஐந்தரைக்கு வந்தன, ஆடி பிறந்ததும் பொழுது சாய வந்து காலை மடக்கிப் படுத்துக்கொண்டன. மேய்த்தவரைக் கேட்டால், நான் எங்கும் உட்காரவில்லை, யாரோடும் நின்று பேசவில்லை, வழிதான் நீண்டுவிட்டது என்றார். ஊர் அவரைச் சோம்பேறி என்று திட்டியது. பிறகு கிராம நிர்வாக அதிகாரி வந்து சங்கிலி பிடித்து அளந்து பார்த்து, எல்லைக்கல்லிலிருந்து அறுநூறு கெஜத்தில் இருக்க வேண்டிய கரடு எழுநூறு கெஜத்தில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, அதை எந்தக் கோப்பில் வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஒரு மலை தள்ளிப் போனால் ஒரு ஊர் என்ன செய்யும்? பழகிக்கொள்ளும். மின்வாரியத்துக்காரர்கள் கரட்டுக்குப் போகும் கம்பியில் வருஷத்துக்கு ஒரு கம்பம் சேர்த்து நட்டார்கள், மினிபஸ்காரர் நடுவில் ஒரு நிறுத்தம் சேர்த்துக்கொண்டார், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஊர்ப் படத்தில் கரட்டைப் பென்சிலால் மட்டும் வரையச் சொன்னார். கரடு விட்டுப்போன புது நிலத்துக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் அடித்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதற்குள் சீமைக்கருவேலம் யாரையும் கேட்காமல் அங்கே முளைத்துவிட்டதால் இருவரும் கட்டுப்போட்ட தலையோடு வீடு திரும்பினார்கள். டவுனிலிருந்து படித்தவர்கள் வந்தார்கள், மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். ஏன் நகர்கிறது என்று கேட்பதை ஊர் ஒரே வருஷத்தில் விட்டுவிட்டது.

ஆனால் மணி விஷயத்தில் மட்டும் ஊருக்குப் பழகத் தெரியவில்லை.

செங்கரட்டு உச்சியில் இரண்டு கல்தூணுக்கு நடுவே ஒரு வெண்கல மணி தொங்குகிறது, கல்யாணத்துக்குச் சோறு வடிக்கும் அண்டா அளவு இருக்கும். மணிநோக்கியில் செத்தவர்கள் எல்லோரும் அந்தக் கரட்டுக்கு நடந்து போகிறார்கள் என்பது ஊரின் நம்பிக்கை. சிலர் வேகமாக நடப்பார்கள், சிலர் மெதுவாக நடப்பார்கள், மாசிக் களரித் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் அந்த வருஷத்துக் கடைசி ஆளும் போய்ச் சேர்ந்திருப்பார். அன்று சோணைக் கருப்பன் கோயில் முன்னால், எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, சாமியின் துப்பாக்கியால் கரட்டு மணியைச் சுடுவார்கள். மணி அடித்தால் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அழ வேண்டும். அதுவரைக்கும் பிணத்தின் மேல் விழக்கூடாது, மாரில் அடிக்கக்கூடாது, ஒப்பாரி கூடாது, கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் கூடாது, ஏனென்றால் நடந்து போகிறவரை அழுது கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார், திரும்பிப் பார்த்தால் வழி மறந்துவிடும். அதனால் மணி அடிக்கும் வரை யாரையும் செத்துப்போனார் என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் அப்பா எங்கே என்று கேட்டால், நடக்கிறார் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டு, நல்லது, இந்த வயசில் நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டுப் போவதும் உண்டு.

பஞ்சவர்ணத்தின் மகன் பூவலிங்கமும் நடந்துகொண்டிருந்தான். கரடு நகரத் தொடங்கிய அதே வருஷம் ஐப்பசியில், ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு வடக்கே போனவன், போன இடத்தில் இரும்புக் குழாய் சரிந்து விழுந்து, ஐஸ் பெட்டியில் திரும்பி வந்தான். இருபத்து மூன்று வயசு. பஞ்சவர்ணம் பெட்டியைத் திறக்கச் சொன்னாள், பார்த்தாள், மூடச் சொன்னாள், வந்தவர்களுக்கு டீ போடச் சொன்னாள். மறுவாரம் மில்லைத் திறந்தாள். ஊரில் இருந்த ஒரே மாவு மில் அவளுடையது. புருஷன் விட்டுப் போனதிலிருந்து இருபது வருஷமாக அவள்தான் ஓட்டினாள், மோட்டார் கழற்றுவது, கல் கொத்துவது, பெல்ட் மாட்டுவது எல்லாம் அவள் கைதான். மாசி வர நாலு மாதம்தானே, அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம், பிறகு ஒரேயடியாக அழுதுகொள்ளலாம் என்று நினைத்தாள்.

அந்த மாசியில்தான் குமிழ் முட்டியது.

சாமியின் துப்பாக்கியைச் சுடுகிறவர் சேதுக்கண்ணு. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், காய்ந்த துணியைக்கூட மடிப்பு நேராக வைத்துத்தான் எடுப்பார். அவர் வருவதற்கு முன்பெல்லாம் களரிக்கு மறுநாள் காலையில் தொடங்கி மத்தியானம் வரை சுட்டு, முப்பது நாற்பது தோட்டாவில் ஏதோ ஒன்று தப்பித் தவறி மணியில் படும். ஊரே பசியோடு நின்றுகொண்டிருக்கும். அவர்தான் தூரத்துக் குறி பார்க்கும் ஸ்கோப் ஒன்றை வாங்கி வந்து சாமிக்குக் காணிக்கையாகத் துப்பாக்கியின் மேல் மாட்டினார். அதன் தலையில் ஒரு குமிழ் உண்டு. குண்டு போகப் போகத் தரையை நோக்கி இறங்கும் அல்லவா, எவ்வளவு தூரமோ அவ்வளவுக்குக் குமிழைத் திருகிக் குறியை ஏற்றிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு திருகலுக்கும் டிக் என்று ஒரு சத்தம் வரும். அறுநூறு கெஜத்துக்கு அறுபத்திரண்டு டிக். ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த அறுபத்திரண்டையும் எண்ணும், ஒரே தோட்டா, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவதற்குள் மணிச் சத்தம் வந்துவிடும், அதற்குப் பிறகு ஊர் அழுகிற அழுகையில் பக்கத்து ஊர் நாய்களெல்லாம் எழுந்து நிற்கும்.

அந்த மாசியில் கரடு தொள்ளாயிரத்து இருபது கெஜத்துக்குப் போயிருந்தது. சேதுக்கண்ணு தன் பட்டாளத்து நோட்டைப் பார்த்து நூற்றி முப்பது டிக் என்றார். ஊர் எண்ணிக்கொண்டே வந்தது. நூற்றி இருபதில் குமிழ் முட்டிக்கொண்டது. அவர் இன்னொரு தரம் திருகிப் பார்த்தார். அசையவில்லை.

"முட்டிருச்சு" என்றார்.

"எண்ணெய் விட்டுப் பாருங்களேன்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

"எண்ணெய்க்கு இல்லப்பா. இதோட தூரமே அம்புட்டுத்தான். மொத்தம் இருநூத்தி நாப்பது டிக்கு. பக்கத்துல வச்சுக் குறி சரிபண்றப்போ நடுவுல நிக்கும். பாதி மேல ஏத்த, பாதி கீழ எறக்க."

"கீழ எறக்குற பாதிய எப்பத்தான் திருகுவீங்க?"

"நான் திருகுனதே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் இருக்கிற டிக்கோடு சுட்டார். கரட்டின் இடுப்பில் புழுதி கிளம்பியது. குறியை ஆகாயத்தில் தூக்கிப் பிடித்தும் சுட்டுப் பார்த்தார், ஆகாயத்தில் எதைப் பார்த்துக் குறி வைப்பது, குண்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. கொஞ்சம் கிட்டத்தில் போய்ச் சுட்டால் என்ன என்று கேட்டவர்களுக்குச் சோலையப்பன் பூசாரி பதில் சொன்னார்: சாமி ஊர்க்காவல் சாமி, அவர் துப்பாக்கி எல்லைக்கல்லைத் தாண்டினால் அது வெறும் இரும்பு. இளவட்டங்கள் இரண்டு பேர் ஓடிப்போய் கரட்டில் ஏறி மணியைக் கையால் அடித்தார்கள். சத்தம் நன்றாகத்தான் வந்தது. ஊர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது, ஒருவருக்கும் அழுகை வரவில்லை, பள்ளிக்கூடம் விட்ட மணியைக் கேட்டதுபோல அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பஞ்சவர்ணம் மட்டும் அன்றைக்கே ஒன்றைப் புரிந்துகொண்டாள். மில்லில் மோட்டார் உட்காரும் சட்டத்தில் ஒரு நீள போல்ட் உண்டு; திருகத் திருக மோட்டார் பின்னால் நகர்ந்து பெல்ட் இறுகும். பெல்ட் நாளாக நாளாக நீளும், போல்ட் ஒருநாள் கடைசி மரைக்கு வந்து முட்டிக்கொள்ளும். அப்போது போல்ட்டோடு மல்லுக்கட்டுகிறவன் முட்டாள். சட்டத்தையே கழற்றி, ஒரு பக்கத்தில் தகடு கொடுத்துச் சாய்த்து மாட்டினால், போல்ட்டைப் பழையபடி முதல் மரைக்குக் கொண்டுவந்துவிடலாம், திருகுவதற்கு மறுபடி நிறைய மரை கிடைக்கும். துப்பாக்கியிலும் அதேதான். ஸ்கோப் உட்கார்ந்திருக்கும் பட்டைக்கு அடியில், பின்பக்கம் ஒரு தகடு. கீழே வீணாகக் கிடக்கும் டிக்கெல்லாம் மேலே வந்து சேரும். அவளுக்கு அது துப்பாக்கியைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று தெரிவதுபோல.

தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை.

மணி அடிக்காத வரை பூவலிங்கம் நடந்துகொண்டிருக்கிறான். கருவேலங்காட்டுக்கு நடுவே, கையை வீசிக்கொண்டு, அவன் நடை அவளுக்குத் தெரியும், அவசரமே இல்லாத நடை. நடக்கட்டும். கரடு தள்ளித் தள்ளிப் போகிறதென்றால் இன்னும் கொஞ்ச தூரம் நடக்கட்டும். போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததுதான். அன்று கோயில் முன்னால் சேதுக்கண்ணு தலை குனிந்து நின்றபோது, இவளுக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ ஒன்று லேசானது, அதற்காக வெட்கமும் வந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டாள்.

அடுத்த மாசி வந்தது, கரடு ஆயிரம் கெஜத்தில் நின்றது, குமிழ் நூற்றி இருபதில் முட்டியது. அதற்கடுத்த மாசி வந்தது, ஆயிரத்து அறுபது கெஜம், நூற்றி இருபதில் முட்டியது. முதல் வருஷத்து வேகம் கரட்டுக்குக் குறைந்திருந்தது, ஆனாலும் போய்க்கொண்டுதான் இருந்தது. நாலாவது மாசி நெருங்குவதற்குள் நாற்பத்தொரு பேர் நடக்கத் தொடங்கியிருந்தார்கள், நாற்பத்தொரு வீட்டிலும் ஒரு பொட்டுக் கண்ணீர் விழவில்லை. முதலில் அழக்கூடாது என்று அழாமல் இருந்தவர்கள், பிறகு அழ வராமல் இருந்தார்கள், அப்புறம் வேறு எதுவுமே வராமல் போனது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து வண்டி ஏற்றும்போது தாய் வாடகைக் கட்டிலை எண்ணிக்கொண்டு நின்றாள். தேர்தலில் ஜெயித்தவருக்கு மாலை போட்டவர்கள் தோற்றவருக்கும் போட்டுவிட்டு வந்தார்கள். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிட்டார்கள், இரண்டு தரம் போட்டிருந்தாலும் சாப்பிட்டார்கள். ஒப்பாரிக்குப் பேர்போன கிழவிகள் இரண்டு பேர் பாட்டு மறந்துவிடாமல் இருக்க வரிகளைச் சாமான் பட்டியல்போல ஒருவருக்கொருவர் ஒப்பித்துப் பார்த்துக்கொண்டார்கள்; என் பொன்னே என் மணியே, அப்புறம் என்ன, அப்புறம் தேரேறிப் போனீகளே, சரி, அடுத்தது சொல்லு.

இப்படி மரத்துப்போன ஊர் தனக்குத் தெரியாமலே ஒரு வழியும் கண்டுபிடித்தது. பஞ்சவர்ணம் மில்லில் வியாழக்கிழமைதான் மிளகாய் அரைக்கும் நாள். அன்றைக்கு மட்டும் வரிசை கோயில் வரை நின்றது. ஒரு பிடி மிளகாயைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தார்கள், போன வாரம் அரைத்த தூளையே இன்னும் நைசாக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள், சிலர் வெறுங்கையோடு வந்து, சும்மா நிற்கிறேன் தாயி என்றார்கள். மில்லுக்குள் நெடி ஏற ஏறக் கண் கலங்கும், மூக்கு ஒழுகும், தும்முவார்கள், இருமுவார்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்பார்கள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எதுவும் பேசாமல் போவார்கள். பஞ்சவர்ணத்தின் கண் மட்டும் கலங்காது. இருபது வருஷ மிளகாய், அவளுக்கு அது பழைய காற்று.

நாலாவது மாசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வியாழக்கிழமை மத்தியானம், கூட்டமெல்லாம் போன பிறகு சேதுக்கண்ணு வந்தார். அவர் மனைவி சிவபாக்கியம் நடக்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. கையில் ஒன்றும் இல்லை. அரைத்து முடித்துத் தகரத்தில் அள்ளி வைத்திருந்த தூளுக்கு மேல் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நிமிரவே இல்லை.

"அண்ணே, கண்ணு போயிரும்."

"போனாப் போகுது."

"வாங்க, இந்தத் தண்ணியில மூஞ்சியக் கழுவுங்க."

அவர் நிமிர்ந்தார். முகம் வீங்கியிருந்தது. "தாயி, ஒண்ணு கேக்கட்டுமா. எம் பொண்டாட்டி எந்தப் பக்கம் மூக்குத்தி போட்டிருந்தா?"

பஞ்சவர்ணம் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "ஏண்ணே?"

"மொகம் வர மாட்டேங்குது. ரெண்டு மாசமாச் சேலை வருது, கை வருது, சமையக்கட்டுல உக்காந்திருக்க முதுகு வருது. மொகம் மட்டும் இல்ல. போட்டோவ எடுத்துப் பாத்தா யாரோ மாதிரி இருக்கு. அழுதாத்தான் தாயி மொகம் உள்ள தங்கும்போல. நாம அழாம அழாம எல்லாரையும் தொலைச்சுக்கிட்டு இருக்கோம்."

"எடது பக்கம்" என்றாள். "கல்லு வச்சது."

"எடது பக்கம்" என்று அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டு, முகத்தைக் கழுவாமலே படி இறங்கிப் போனார்.

அவர் போன பிறகு பஞ்சவர்ணம் ஸ்டூலில் உட்கார்ந்து தன் மகன் முகத்தை நினைத்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை வந்தது. வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேயும், அது வந்தது. கருவேலங்காட்டுக்கு நடுவே நடக்கிறவனைப் பின்னாலிருந்து பார்க்க முடிந்தது, முன்னால் போய்ப் பார்க்க முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு மேலாக அவனை நடக்க விட்டு, முதுகை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு மகனைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தவளுக்கு, பிடியில் வெறும் சட்டை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊர் ஆள் நாற்பது பேரையும் சேர்த்தல்லவா நிற்க வைத்துவிட்டோம் என்று நினைத்தாள். அதற்கும் அழுகை வரவில்லை. மில்லைப் பூட்டிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனாள்.

சோலையப்பன் பூசாரி அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார், கேட்டுவிட்டு முடியாது என்றார். வருஷா வருஷம் துப்பாக்கியைச் சாமி முன்னால் பலகையில் வைத்து, குழலும் ஸ்கோப்பும் ஒன்றுக்கொன்று முடி அளவு பிசகாமல் நேராக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். சாமி சாமானில் கோணல் ஆகாது. அரிவாள் வளைந்திருக்கலாம், அது அதன் பிறப்பு. நேராகப் பிறந்ததைக் கோணலாக்கினால் சாமி பார்வை கோணும் என்றார்.

சேதுக்கண்ணுவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் கேட்டுவிட்டு ஸ்கோப் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "பட்டாளத்துலயே சாய்வுப் பட்டை போட்ட துப்பாக்கி பாத்திருக்கேன்" என்றார் மெதுவாக. "தூரத்துக்குச் சுடுறவனுக அதுதான் கேப்பானுக. எனக்குத் தோணவே இல்ல. சாமிது நேராத்தான் இருக்கணும்னு மனசுல ஏறிப்போச்சு. மூணு வருசமா நேரா வச்சு நேரா வச்சு மண்ணைச் சுட்டிருக்கேன்."

"மில்லுல வந்து பாருங்க பூசாரியண்ணே" என்றாள் பஞ்சவர்ணம். "மோட்டாரு கோணலாத்தான் நிக்குது. அது கோணலா நிக்கிறதுனாலதான் பெல்ட்டு நேரா ஓடுது. உங்க வீட்டு மாவெல்லாம் அந்தக் கோணல்ல அரைச்சதுதான்."

பூசாரிக்குச் சுருக்கென்றது. "நீ இத இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

"எம் மகன் போய்ச் சேந்துருவானேன்னுதான் சொல்லல."

பூசாரி, நான் யார் சொல்ல, சாமியே சொல்லட்டும் என்று பூக்கட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தார். ஊர் கூடியது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. சாமி காலடியில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தார். பிரித்தார். உள்ளே செக்கச் செவேலென்று அரளி இருந்தது. முன்வரிசையில் நின்ற முப்பது நாற்பது பேரும் அதைப் பார்த்தார்கள். பூசாரியும் பார்த்தார். அவருடைய அம்மா நடக்கத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, அந்த அம்மா கடைசியாகக் கேட்ட இளநீரை வாங்கிக்கொண்டு இவர் வருவதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

"வெள்ளை" என்றார் பூசாரி.

முன்வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "வெள்ளைதான்" என்றார் ஒருவர். "வெள்ளை, வெள்ளை" என்று பின்னால் வரை போனது. பூசாரி பூவைக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

தகட்டுக்கு எங்கும் அலையவில்லை. பூவலிங்கம் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த தகர ஜாமெட்ரி பாக்ஸில்தான் பஞ்சவர்ணம் பெல்ட் கொக்கிகளைப் போட்டு வைத்திருந்தாள். கொக்கிகளைத் தரையில் கொட்டிவிட்டு மூடியைப் பிய்த்தாள். உள்பக்கம் காம்பஸ் முள்ளால் அவன் பேரைக் கீறியிருந்தான், பூ மட்டும் பெரிதாக, மற்ற எழுத்துக்கு இடம் பற்றாமல் நெருக்கி நெருக்கி. தகரம் வெட்டும் கத்திரியால் விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டினாள். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் நகக்கனம் வந்தது. ஸ்கோப் பட்டையின் பின்பக்கத் திருகைத் தளர்த்தி இரண்டையும் அடியில் செருகி அவளே இறுக்கினாள். இப்போது ஸ்கோப் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, கண்ணுக்குத் தெரியாத அளவு குனிந்து நின்றது. சேதுக்கண்ணு கிட்டத்தில் ஒரு தேங்காயை வைத்துச் சுட்டுக் குறியைச் சரிபண்ணினார். அதற்காகக் குமிழைக் கீழ்ப்பக்கம் திருகினார், அவர் வாழ்நாளில் முதல்முறை, எண்பது டிக்.

"இப்ப மேல போக இருநூறு டிக்கு இருக்கு தாயி" என்றார்.

களரிக்கு மறுநாள் காலை காற்றில்லாமல் விடிந்தது. கரடு ஆயிரத்து நூறு கெஜத்தில், முற்றத்தில் காயும் மிளகாய் நிறத்தில், ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருந்தது. ஊர் எல்லைக்கல் வரை வந்து நின்றது. பூசாரி ரசமட்டத்தைக் கொண்டுவரவே இல்லை, எங்கோ வைத்து மறந்துவிட்டதாகச் சொன்னார். சேதுக்கண்ணு மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியை வைத்துப் படுத்து, நூற்று எழுபத்தாறு என்றார், திருகத் தொடங்கினார். ஊர் எண்ணியது. ஐம்பது எண்ணியது, நூறு எண்ணியது, நூற்றிப் பத்தொன்பதில் குரல்கள் தேய்ந்தன, நூற்றி இருபதில் அநேகம் பேர் பழக்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள். குமிழ் டிக் என்றது. நூற்றி இருபத்தொன்று என்றாள் பஞ்சவர்ணம், தனியாக. பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நூற்று எழுபத்தாறு வந்தபோது சில பேருக்கு நாக்கு வறண்டிருந்தது.

அவர் சுட்டார்.

ஒன்று, என்றது ஊர். இரண்டு. மூன்று.

மூன்றுக்கு மேல் எண்ணி அவர்களுக்குப் பழக்கமில்லை. அறுநூறு கெஜத்துக்கு மூன்று போதும், அவர்கள் தலைமுறை தலைமுறையாக மூன்றுக்குள் கேட்டவர்கள். மணி வரவில்லை. கரட்டில் புழுதியும் கிளம்பவில்லை. பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டார், பின்வரிசைக்காரர்கள் திரும்பிச் செருப்பைத் தேடினார்கள், சேதுக்கண்ணு நெற்றியை மணல் மூட்டையில் வைத்துக்கொண்டார். பஞ்சவர்ணம் நின்ற இடத்தில் நின்றாள். நாலு என்று முணுமுணுத்தாள். ஐந்து என்று சொல்லி வாயை மூடவில்லை, மணி வந்தது.

தூரத்துச் சத்தம்தான், வட்டிலைக் கரண்டியால் தட்டினதுபோல மெல்லிசாக வந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. முதலில் விழுந்தவர் சேதுக்கண்ணு, படுத்திருந்தவர் எங்கே விழ, அப்படியே புரண்டு மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சிவபாக்கியம், எடது பக்கம், எடது பக்கம் என்று அழுதார். பிறகு ஊர் அழுதது. நாற்பத்தொரு வீடும் ஒன்றாக அழுதது, மூன்றரை வருஷம் சேர்த்து வைத்ததை எந்த வரிசையில் அழுவதென்று தெரியாமல், கடைசியாகச் செத்தவருக்கு முதலிலும் முதலில் செத்தவருக்குக் கடைசியிலுமாக மாற்றி மாற்றி அழுதது, கிழவிகள் இருவரும் பட்டியலை மறந்துவிட்டு வேறு ஏதோ பாடினார்கள், பூசாரி, இளநி கொண்டாந்துட்டேம்மா என்று தரையில் அறைந்து அறைந்து அழுதார். மத்தியானம் தாண்டியும் ஓயவில்லை. பக்கத்து ஊர் நாய்களெல்லாம் எழுந்து நின்றன.

பஞ்சவர்ணத்துக்கு அழுகை வரவில்லை. மாரில் இரண்டு தரம் அடித்துப் பார்த்தாள், மற்றவர்கள் அடிக்கிறார்களே என்று. கை வலித்தது. பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பெண்ணின் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.

மறு வியாழக்கிழமை மில்லைத் திறந்தபோது வாசலில் யாரும் இல்லை. வரிசை இல்லை, காகிதப் பொட்டலம் இல்லை. அன்று காலை அளந்ததில் கரடு ஓரடிகூட நகரவில்லை என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள், மின்வாரியத்துக்காரர் புதுக் கம்பத்தைத் திருப்பி எடுத்துப் போனார். பத்து மணிக்குச் சேதுக்கண்ணு வந்தார், துணிப்பையில் காய வைத்த மிளகாய், கூடவே மல்லியும் கொஞ்சம் சீரகமும்.

"அரைக் கிலோ இருக்கு தாயி. இன்னிக்கு நானே கொழம்பு வைக்கலாம்னு இருக்கேன். அவ கைப்பக்குவம் வருதான்னு பாப்போம்."

பையை வாங்கி மில்லின் வாயில் கொட்டினாள். மோட்டார் கோணலாக நின்று ஓடியது, பெல்ட் நேராக ஓடியது. சிவப்புத் தூள் துணிக்குழாய் வழியாகத் தகரத்தில் விழத் தொடங்கியது, நெடி ஏறியது, இருபது வருஷமாக ஏறாத நெடி கண்ணில் சுரீரென்று ஏறியது. சுவிட்சைத் தேடினாள், கைக்குத் தட்டுப்படவில்லை, கண் ஒன்றும் தெரியவில்லை. அவர் எட்டி மோட்டாரை நிறுத்தினார். கொட்டிக் கிடந்த பெல்ட் கொக்கிகளுக்கு நடுவே, மூடியில்லாத ஜாமெட்ரி பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன தாயி, காரம் ஜாஸ்தியா?"

"இல்லண்ணே" என்றாள் பஞ்சவர்ணம். "எம் மகன் செத்துப் போயிட்டான்."